ஆறு இலக்கம்

அத்தியாயம் பதினொன்று

காலை ஆறே முக்காலுக்கு அந்த வீட்டுக் குசினி ஜன்னலால் ஆறு இலக்கங்கள் வெளியே வர வேண்டும். இரஞ்சிதம் போனைக் கண்ணுக்கு எட்டப் பிடித்துக்கொண்டு ஒன்று, ஏழு, மூன்று என்று உரத்துச் சொல்லுவார். முற்றத்துக்கு அந்தப் பக்கம், மில்லோடு ஒட்டிய ஒபிஸ் அறையில் மருமகள் பிரியந்தினி அதைக் கணினியில் தட்டுவாள். ஆறு வருடமாக உருத்திரபுரத்தில் அந்த வளவு விடிவது அப்படித்தான்.

இந்த வெள்ளிக்கிழமை குரல் வரவில்லை.

"மாமி, இலக்கம் வந்ததே?"

"இல்லைப் பிள்ளை."

"வடிவாப் பாருங்கோ. பாஸ்வேட் பிழையெண்டு வருது. மறந்துபோச்செண்டு பட்டனை இப்பதான் அமத்தினனான். வந்திருக்கோணும்."

"வரேல்லையெண்டு சொல்லுறனெல்லே. கவரேஜ் இல்லைப்போல."

இரஞ்சிதத்துக்குப் பொய் சொல்லத் தெரியாது. தெரிந்திருந்தால் முகத்தைப் பார்த்துச் சொல்லியிருப்பார். அவர் தேங்காய்த் திருவலகையைப் பார்த்துச் சொன்னார். ஜன்னல் கம்பிக்குப் பின்னால் போன் ஒருமுறை வெளிச்சம் விட்டு அணைந்ததைப் பிரியந்தினி கண்டாள். கண்டும், மாமிக்குக் கண் மங்கிவிட்டது என்று தனக்குத்தானே சமாதானம் சொன்னாள். நல்லவர்களுக்கு இருக்கும் வருத்தம் இது. மருந்து கிடையாது.

இந்தக் கதையை இன்றைக்குத்தான் கையில் எடுத்தவர்களுக்குக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். மற்றவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

"நிரு அரிசிமா" இவர்களுடைய கம்பனி. வறுத்த சிவப்பரிசி மாவும் குரக்கன் மாவும் வெளிநாட்டுக்கு அனுப்புகிறார்கள். நிரு என்றால் நிருஷன். இரஞ்சிதத்தின் மூத்த மகன், பிரியந்தினியின் கணவன். கல்யாணம் முடிந்து நான்காம் மாதம், 2009 பங்குனியில், யுத்தத்தின் கடைசி நாட்களில், மாத்தளனில் தண்ணீர்க் கானைத் தூக்கிக்கொண்டு போனவன் திரும்பி வரவில்லை. அவன் செத்ததை ஒருவரும் காணவில்லை. ஆகையால் அந்த வீட்டில் அவன் சாகவில்லை. பிரியந்தினி தாலியோடும் பொட்டோடும் இருக்கிறாள், மாமி வெள்ளிக்கிழமை தவறாமல் மகன் பெயரில் அர்ச்சனை செய்கிறார்.

கம்பனிக்கு லிங்க்ட்இன்னில் ஒரு பக்கம் திறக்கலாம் என்று பிரியந்தினி சொன்னது ஆறு வருடத்துக்கு முன். அங்கே கம்பனிப் பக்கத்துக்கென்று தனி வாசல் கிடையாது. ஒரு ஆள் தன் பெயரில் உள்ளே போய், அங்கிருந்துதான் பக்கத்தை நடத்த வேண்டும். அந்த ஆள்தான் அட்மின். "வீட்டுப் பொம்பிளையின்ர படத்தை உலகத்துக்குக் காட்டியோ வியாபாரம்? அவன்ர பேரில திற. வந்து பாக்கேக்க அவன்ர பேர் இருக்கட்டும்" என்றார் இரஞ்சிதம். போன் நம்பருக்குத் தன்னுடையதைக் கொடுக்கச் சொன்னதும் அவர்தான். மகனின் பெயரில் ஒன்று வந்தால் அது தன் கைக்கு வர வேண்டுமாம்.

இப்படியாக, காணாமல் போன ஒருவன் நிர்வாக இயக்குநராகி, உலகம் முழுக்கக் கடிதம் எழுதினான். எழுதியது பிரியந்தினி. அவன் முகம் கல்யாணப் படத்தில் இருந்து வெட்டி எடுத்தது. ஓரத்தில் அவளுடைய கூறைச் சேலை ஒரு விரல் அகலத்துக்குத் தெரியும். வருடம் ஒருமுறை, அவன் வேலையில் சேர்ந்த நாள் என்று அந்தத் தளம் எல்லோருக்கும் அறிவிக்கும். முகம் தெரியாத ஆட்கள் வாழ்த்துவார்கள். பிரியந்தினி அவன் பெயரில் நன்றி எழுதிவிட்டு, மாமிக்கு ஒவ்வொன்றாக வாசித்துக் காட்டுவாள்.

இந்தக் கணினியை ஞாபகத்தில் வைத்துக்கொள் என்று திரையில் ஒரு சின்னப் பெட்டி வரும். அதில் ஒருமுறை தொட்டிருந்தால் தினமும் இலக்கம் கேட்டிருக்காது. பிரியந்தினி ஒருநாளும் தொடவில்லை. காலையில் மகனிடம் இருந்து ஏதோ வருகிறது என்ற அந்த ஒரு நிமிடத்தை மாமியிடம் இருந்து பறிக்க அவளுக்கு மனம் வரவில்லை. அந்த இரக்கம்தான் இன்றைக்கு அவளை வெளியே நிறுத்தியிருக்கிறது.

போன கிழமை சூரிச்சில் இருந்து ஒரு பெரிய கம்பனி எழுதியிருந்தது. உங்கள் நிறுவனர் திரு. நிருஷனோடு வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு வீடியோவில் கதைக்க வேண்டும் என்று. "நானே அண்ணையா இருந்து கதைக்கிறன்" என்றான் சின்ன மகன் சிவகரன். பிரியந்தினி விடவில்லை. "அவரைக் காணேல்லை, இவ்வளவு நாளும் நான்தான் நடத்தினனான் எண்டு உள்ளதைச் சொல்லப்போறன்" என்றாள்.

கம்பனிப் பதிவில் அவள் பெயர் இல்லை. மாமியும் சிவகரனும்தான் அதில் இருக்கிறார்கள். அந்த வளவில் அவளுக்கு இரண்டே பிடி. ஒன்று, அவள் நிருஷனின் மனைவி. மற்றது, அந்தப் பக்கத்தை நடத்துபவள். இரண்டையும் ஒரே காலையில் பிடுங்கலாம் என்று அவள் நினைத்தும் பார்த்ததில்லை.

*

இரஞ்சிதம் அர்ச்சனைத் தட்டோடு பிள்ளையார் கோயிலுக்குப் போன பிறகு, எட்டு மணிக்குச் சிவகரன் வந்தான். கிளிநொச்சி ரவுணில் ஹாட்வெயார் கடை வைத்திருப்பவன். சேட்டில் மா ஒட்டும் என்று மில் பக்கம் கால் வைக்க மாட்டான். இன்றைக்கு நேரே ஒபிசுக்குள் வந்து பிரியந்தினியின் கதிரையில் இருந்தான்.

"இலக்கம் வரேல்லை என்ன, அண்ணி?"

அவன் கேட்ட விதத்தில் அவளுக்கு விளங்கிவிட்டது.

"பாஸ்வேட்டை நீரோ மாத்தினனீர்?"

"ஓம். நேற்றுப் பின்னேரம்."

"இலக்கம் ஆர் சொன்னது?"

"ஆர் சொல்லுவினம்? அம்மாதான்."

"மாமி சொல்லமாட்டா."

"கேட்டவுடன சொல்லேல்லைத்தான். நீங்கள் அண்ணையை எடுத்துப்போட்டு உங்கட பேரைப் போடப்போறியள் எண்டு சொன்னனான். பிறகு ஒவ்வொண்டாச் சொன்னவா. இனி இலக்கம் வந்தா அண்ணிக்குச் சொல்லாதேங்கோ எண்டும் சொல்லிப்போட்டன்."

"நான் அப்பிடிச் சொல்லேல்லையே தம்பி."

"உள்ளதைச் சொல்லப்போறன் எண்டு சொன்னனீங்கள்தானே. அதும் இதும் ஒண்டுதான்."

சிவகரன் கத்துகிற ஆள் இல்லை. கத்துகிறவர்களோடு கத்தலாம். இவன் கடையில் ஆணி நிறுப்பதுபோல நிதானமாகக் கதைப்பான். கணினியைத் திறந்து தன் பெயரில் உள்ளே போனான். பக்கத்தின் அட்மின் பட்டியலில் இரண்டு பெயர் இருந்தன. மேலே சிவகரன், கீழே நிருஷன்.

"அண்ணையின்ர பேரில உள்ளுக்குப் போய் என்னைச் சேத்திட்டன். இனிப் பக்கத்தை நான் பாக்கிறன்."

"அவரை ஏன் விட்டு வச்சிருக்கிறீர்? அவரையும் எடுத்திருக்கலாமே."

"செத்த ஆள் உள்ளுக்கு இருந்தாலென்ன, வெளியில இருந்தாலென்ன? பிறகு ஆறுதலா எடுப்பம்."

செத்த ஆள். பதினாறு வருடத்தில் அந்த வளவுக்குள் ஒருவரும் வாயால் விடாத சொல் அது. சொன்னவன் அதைக் கவனிக்கவும் இல்லை, கணினியின் மவுசைத் தள்ளிக்கொண்டிருந்தான்.

"அண்ணையின்ர கலியாணப் படம் பெருசா ஒண்டு தாங்கோ அண்ணி. இதில இருக்கிறது சின்னன்."

"என்னத்துக்கு?"

அவன் திரையை அவள் பக்கம் திருப்பினான். ஆங்கிலத்தில் ஐந்து வரி. நிரு அரிசிமாவின் நிறுவனர் திரு. நிருஷன் நேற்றுக் காலமானார் என்பதை ஆழ்ந்த துயரத்துடன் அறியத் தருகிறோம். அன்னாரின் சகோதரர் சிவகரன் நிர்வாகப் பொறுப்பை ஏற்றுக்கொண்டார்.

பிரியந்தினி இரண்டு முறை வாசித்தாள்.

"நேற்றோ?"

"பழைய சாவெண்டு போட்டா, இவ்வளவு காலமும் எங்களுக்கு எழுதினது ஆரெண்டு சூரிச்காரர் கேப்பினம். நேற்றெண்டா ஒரு கேள்வியுமில்லை. மூண்டு மணிக்கு நான் இருந்து கதைக்கலாம்."

"இதைப் போடாதையும் சிவா. மாமி தாங்கமாட்டா."

"அம்மாவுக்கு இங்கிலிஸ் தெரியாது. இது சூரிச்காரருக்கு."

"அப்ப நான்?"

"நீங்களென்ன?"

"அவர் இல்லையெண்டு எழுதினா நான் ஆர் தம்பி?"

சிவகரன் உண்மையாகவே யோசித்தான். அவன் கணக்குப் பார்த்துச் செய்த காரியத்தில் அந்தக் கேள்வி ஒரு இடத்திலும் வரவில்லை. அதுதான் கொடுமை. வேண்டுமென்று செய்திருந்தால்கூட அவளை ஒரு ஆளாக மதித்தான் என்று சொல்லலாம்.

"நீங்கள் எப்பவும்போல எங்கட அண்ணிதானே" என்றான் கடைசியில். "வறுவலைப் பாருங்கோ, பாக்கெட்டைப் பாருங்கோ. ஆரும் உங்களைப் போகச் சொல்லேல்லையே. சரி, படத்தைத் தாங்கோ."

"தரமாட்டன்."

"பரவாயில்லை, இருக்கிறதைப் போடுவம்." படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தான். "இதில உங்கட சேலை தெரியுது. மரண அறிவித்தலில வடிவில்லை. வெட்டுறன்."

வெட்டினான். பிறகு போட்டான். பிரியந்தினி அழுகை வரும் என்று பார்த்தாள். வந்தது ஆத்திரம்.

*

அடுத்ததாக நடந்ததைச் சிவகரன் எதிர்பார்க்கவில்லை. ஒரு மணித்தியாலம் கழித்து மில் நின்றது.

அரைக்கிற மெசினின் சத்தம் அந்த வளவுக்கு மூச்சு மாதிரி. அது திடீரென்று நின்றதும் அவன் வெளியே ஓடினான். வேலை செய்யும் பதினொரு பெண்களும் தலையில் கட்டிய துணியை அவிழ்த்துக்கொண்டு வேம்படிக்கு வந்துவிட்டார்கள்.

"மெசினை ஆர் நிப்பாட்டச் சொன்னது?"

"சாவு வீட்டில மெசின் ஓடலாமே தம்பி?" என்றாள் நாகேஸ்வரி. வறுவலுக்குப் பொறுப்பானவள் அவள்தான். மூன்று வருடமாக மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு பிரியந்தினிக்குப் பக்கத்தில் இருந்து, பாக்கெட்டுகளைப் படம் எடுத்துப் பக்கத்தில் போடுவதைப் பார்க்கிறவளும் அவள்தான். "வவுனியாவில இருந்து என்ர மேள் போனில அனுப்பினவள். நீங்கள்தானே போட்டிருக்கிறியள்."

"அது வெளிநாட்டுக்காரருக்கு அக்கா. நீங்கள் போய் வேலையைப் பாருங்கோ."

"வெளிநாட்டுக்காரருக்குச் செத்தா இஞ்ச சாகேல்லையோ?"

நாகேஸ்வரி ஒபிஸ் வாசலுக்கு வந்து பிரியந்தினியின் இரண்டு கையையும் பிடித்தாள். அவளுடைய பார்வை முதலில் பொட்டில் நின்றது, பிறகு தாலிக்கொடிக்கு இறங்கியது, பிறகு நிலத்துக்குப் போனது. மற்றப் பத்துப் பேரும் அப்படியே பார்த்தார்கள்.

"தங்கச்சி, நேற்றெண்டு போட்டிருக்கு" என்றாள் நாகேஸ்வரி மெதுவாக. "அப்ப நேற்று வரைக்கும் எங்க இருந்தவராம்?"

பிரியந்தினியைப் பதினாறு வருடத்தில் எத்தனையோ பேர் எத்தனையோ கேள்வி கேட்டிருக்கிறார்கள். இப்படி ஒன்றை ஒருவரும் கேட்கவில்லை. பொய் என்று தெரிந்த அறிவித்தல் அது. தன் கண் முன்னால் எழுதியது. அப்படி இருந்தும் ஒரு கணம், ஒரே ஒரு கணம், நேற்று வரைக்கும் எங்கேயோ இருந்திருக்கிறான், தன்னைத் தேடி வரவில்லை என்று அவளுக்கு நிருஷனில் கோபம் வந்தது. அந்தக் கோபத்துக்காகத் தன்னையே வெறுத்தாள்.

"எனக்குத் தெரியாது அக்கா" என்றாள்.

*

இரஞ்சிதம் பதினொரு மணிக்குக் கோயிலால் வந்தார். கையில் வாழையிலைத் துண்டில் விபூதியும் சந்தனமும்.

வரும் வழியில் வாய்க்காலடியில் உடுப்புத் தோய்த்துக்கொண்டிருந்த ஒருத்தி எழுந்து நின்று, "காடாத்து எப்ப அக்கா?" என்று கேட்டிருந்தாள். ஆரோ தூரத்துச் சொந்தத்தின் செத்த வீட்டைக் கேட்கிறாளாக்கும் என்று, "தெரியாது பிள்ளை" என்றுவிட்டு வந்தார். அடுத்த சந்தியில் கடைக்காரர் கதிரையை விட்டு எழுந்து தலை குனிந்தார். அதுவும் பிடிபடவில்லை.

மில் ஓடாததைக் கண்டதும் கரண்ட் இல்லை என்று நினைத்தார். ஒபிசுக்குள் வந்தார். மேசையில் கணினி திறந்திருந்தது. திரையில் மகனின் படம். அதன் கீழே ஆட்கள் எழுதியது நீளமாகப் போய்க்கொண்டிருந்தது. அந்த ஒழுங்கு அவருக்கு நன்றாகத் தெரிந்த ஒழுங்கு.

"இண்டைக்கோ அவன்ர வேலை நாள்?" அவர் முகம் மலர்ந்தது. "ஏன் ஒருத்தரும் சொல்லேல்லை? எத்தினை பேர் எழுதியிருக்கினம்!"

"அம்மா, நீங்கள் வீட்டை போங்கோ" என்றான் சிவகரன்.

"பொறடா. அவள் வாசிக்கட்டும்." கதிரையை இழுத்து உட்கார்ந்தார். காலையில் சொன்ன பொய் ஞாபகம் வந்திருக்க வேண்டும், மருமகளின் முகத்தைப் பார்க்காமல் சந்தனத்தை நீட்டினார். "வாசி பிள்ளை."

பிரியந்தினி சந்தனத்தை வாங்கவில்லை.

ஒரு சொல்லை மாற்றி வாசித்தால் போதும். இரங்கலை வாழ்த்து என்று வாசித்தால் மாமி சிரித்துக்கொண்டு எழுந்து போவார். ஆறு வருடமாக எத்தனையோ சொல்லை அவள் அப்படி மாற்றி வாசித்திருக்கிறாள். நீங்கள் ஏன் ஒருநாளும் வீடியோவில் வருவதில்லை என்று ஒருவன் கேட்டதை, நீங்கள் நன்றாக எழுதுகிறீர்கள் என்று வாசித்தவள். ஆனால் இன்றைக்குக் குசினி ஜன்னலுக்குள் அணைந்த வெளிச்சம் அவள் கண்ணுக்குள் இருந்தது. ஆருக்கும் இரக்கம் காட்ட அவளுக்கு விருப்பம் இல்லை. நோக வேண்டும் என்று இருந்தது. தனக்கு மட்டும் நோவது போதாது என்று இருந்தது.

"அண்ணி, வேண்டாம்" என்றான் சிவகரன்.

அவள் வாசித்தாள். ஆங்கிலத்தில் இருந்ததைத் தமிழில் சொன்னாள். ஒரு சொல்லும் விடவில்லை.

"ரொறன்ரோவில இருந்து ஒருத்தர். ஆழ்ந்த அனுதாபங்கள். நேர்மையான மனிதர். எப்ப எழுதினாலும் அண்டைக்கே பதில் தருவார்."

இரஞ்சிதம் தலையாட்டினார். காதில் முதலில் விழுந்தது நேர்மையான மனிதர் என்பதுதான்.

"லண்டனில இருந்து. ஓம் சாந்தி. அவர் எழுதுற கடிதத்தில ஒரு தன்மை இருக்கும். அப்பிடியொரு ஆளை இனிக் காணேலாது."

"காணேலாதோ?"

"மெல்பேர்னில இருந்து. அவரின்ர ஆத்மா சாந்தியடையப் பிரார்த்திக்கிறம். மனைவிக்கு எங்கட ஆறுதலைச் சொல்லிவிடுங்கோ." பிரியந்தினி ஒரு மூச்சு எடுத்தாள். "அது நான் மாமி. எனக்குத்தான் ஆறுதல் சொல்லியிருக்கினம்."

"என்ன வாசிக்கிறாய் நீ? ஆருக்கு அனுதாபம்?"

"உங்கட மகனுக்கு. நேற்றுக் காலமாகிட்டாராம்."

"ஆர் சொன்னது?"

"கம்பனி சொல்லுது. நீங்கள் சொன்ன இலக்கத்தால உள்ளுக்குப் போய்க் கம்பனி சொல்லுது."

இரஞ்சிதம் இலைத்துண்டை மேசையில் வைத்தார். விபூதி சிந்தாமல் கவனமாக வைத்தார்.

"காலமை அவன்ர பேருக்கு அர்ச்சனை செய்தனான்" என்றார். "நட்சத்திரமும் சொன்னனான்."

பிறகு மகன் பக்கம் திரும்பினார்.

"சிவா. அவன்ர பேரை இவள் எடுத்துப்போடுவாள் எண்டுதானே என்னட்டை இலக்கம் வாங்கினனீ."

"அம்மா, கொஞ்சம் விளங்கிக்கொள்ளுங்கோ. சூரிச்காரர் ஓமெண்டிட்டினம். மூண்டு மணிக்கு என்னோட கதைக்கினம். அண்ணையின்ர கம்பனிதானே அம்மா வளரப்போகுது."

"எடு அதை."

"இப்ப எடுத்தா என்னெண்டு சொல்லுறது? செத்தவன் எழும்பிட்டான் எண்டோ?"

பெற்ற தாயிடம் அதைக் கேட்டுவிட்டு அவன் மணிக்கூட்டைப் பார்த்தான். இரஞ்சிதம் அவனை அடிப்பார் என்று நீங்கள் நினைப்பீர்கள். நானும் நினைத்தேன். அவர் மருமகள் பக்கம் திரும்பினார். மகனிடம் காட்ட முடியாத ஆத்திரத்தை இந்த வீடுகளில் எங்கே இறக்கி வைப்பார்கள் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல.

"நீ அண்டைக்கே உன்ர பேரில ஒண்டைத் திறந்திருந்தா இது வந்திராது."

"நீங்கள்தான் விடேல்லை மாமி."

"செத்துப்போனான் எண்டு நாக்கூசாமல் வாசிச்சாய். அப்பிடியெண்டா இன்னும் ஏன் பொட்டோட நிக்கிறாய்?"

வெளியில் வேம்படியில் யாரோ இருமிய சத்தம் கேட்டது. பிரியந்தினி இரண்டு கையையும் மேசையில் ஊன்றிக்கொண்டு நின்றாள். கையை எடுத்தால் அது தானாகவே நெற்றிக்குப் போய்விடும் என்று பயமாக இருந்தது.

அந்த நேரம் இரஞ்சிதத்தின் மடியில் போன் கிணுங்கியது.

ஆறு வருடமாகப் பார்த்த வரி. ஆங்கில எழுத்து வாசிக்கத் தெரியாவிட்டாலும் அதன் உருவம் அவருக்குத் தெரியும். ஒரு வரி ஆங்கிலம், அதன் முடிவில் ஆறு இலக்கம்.

"நிருஷன்ர இலக்கம் வந்திருக்கு" என்றார்.

சிவகரனின் கை கணினியில் இல்லை. பிரியந்தினியின் இரண்டு கையும் மேசையில். யாரோ எங்கேயோ இருந்து, நிருஷனின் கணக்குக்குள் போக, பாஸ்வேட் மறந்துவிட்டது என்று பட்டனை அமத்தியிருக்கிறார்கள். அந்த இலக்கம் கிடைத்தால் பாஸ்வேட்டை மாற்றலாம். பாஸ்வேட் மாறினால் உள்ளே போகலாம். உள்ளே போனால், சிவகரன் ஆறுதலாக எடுப்போம் என்று விட்டு வைத்த செத்த ஆள் இன்னமும் அட்மின்.

சிவகரனுக்கு அது முதலில் விளங்கியது.

"அம்மா, போனைத் தாங்கோ."

"ஏன்?"

"ஆரோ கள்ளன் உள்ளுக்குப் போகப் பாக்கிறான். தாங்கோ சொல்லுறன்."

அவன் கையை நீட்டினான். இரஞ்சிதம் அந்தக் கையில் ஓங்கி ஒரு அடி போட்டார். எழுந்து, போனை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வாசலுக்குப் போனார். றோட்டுப் பக்கம் பார்த்து நின்று, குசினி ஜன்னலால் தினமும் சொல்லுகிற அதே குரலில், அதைவிட உரத்து, ஒவ்வொன்றாகச் சொன்னார்.

"ஐஞ்சு. சைபர். ரெண்டு. ரெண்டு. எட்டு. நாலு."

கேட்கவில்லையோ என்று நினைத்து இன்னொருமுறை சொன்னார்.

"அம்மா, உங்களுக்கு விசரே!" சிவகரன் ஓடி வந்து போனைப் பறிக்கப் பார்த்தான். இரஞ்சிதம் போனைச் சட்டைக்குள் செருகிக்கொண்டார். தாயின் சட்டைக்குள் கை விட அவனாலும் முடியவில்லை. திரும்பி ஓடிக் கணினியில் இருந்து எதையெதையோ தட்டினான். அண்ணனின் கணக்குக்கு அவன் நேற்றுப் போட்ட பாஸ்வேட் வேலை செய்யவில்லை. பக்கத்தின் பட்டியலைத் திறக்கப் பார்த்தான், திறக்கவில்லை. ஐந்து நிமிடம் அப்படிப் போனது. பிறகு திரையில் ஒரு வரி வந்தது. இந்தப் பக்கத்தை நிர்வகிக்க உங்களுக்கு அனுமதி இல்லை.

"என்னை எடுத்துப்போட்டாங்கள்" என்றான். குரலில் நிதானம் போய்விட்டது. "அறிவித்தலும் இல்லை. அதையும் எடுத்திட்டாங்கள். ஆர் இது? ஆர்?"

இரஞ்சிதம் வாசலில் நின்றபடியே சிரித்தார். பதினாறு வருடத்தில் அப்படி ஒரு சிரிப்பை அவர் முகத்தில் பிரியந்தினி கண்டதில்லை.

"நான் சொன்னது கேட்டிட்டுது அவனுக்கு."

பிரியந்தினி மாமிக்குப் பின்னால் வந்து முற்றத்தைப் பார்த்தாள். வேம்படியில் பத்துப் பேர் இருந்தார்கள். மாச்சாக்கு அடுக்கின் மறைவில் நாகேஸ்வரி தனியாக நின்றுகொண்டு போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தினாள். பிரியந்தினி தன்னைக் கண்டுவிட்டாள் என்று அவளுக்குத் தெரிந்தது. போனை மெதுவாக இடுப்பில் செருகினாள். சிரிக்கவில்லை, தலையாட்டவில்லை. ஏன் செய்தாள், எதற்காகச் செய்தாள் என்று அந்த முகத்தில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. ஆனால் இப்போது நிரு அரிசிமாவின் வாசல் சாவி அவள் இடுப்பில் இருந்தது.

"பிள்ளை." இரஞ்சிதம் மருமகளின் கையைப் பிடித்தார். கொஞ்ச நேரத்துக்கு முன் பொட்டைக் கேட்ட அதே ஆள். "அவன்தானே?"

இல்லை மாமி என்று சொல்ல ஒரு நொடி போதும். அங்கே பாருங்கோ, நாகேஸ்வரி என்று காட்டினால் முடிந்தது. காட்டினால் சிவகரன் அந்தப் போனைப் பறிப்பான். மூன்று மணிக்குச் சூரிச்காரர் வரும்போது அந்தக் கதிரையில் அவன் இருப்பான்.

பிரியந்தினி மாமியின் கண்ணை நேராகப் பார்த்தாள். அவளுக்குப் பொய் சொல்லத் தெரியும்.

"ஓம் மாமி. அவர்தான்."

இரஞ்சிதத்தின் கண் நிறைந்துவிட்டது.

"இனி இலக்கம் வந்தா," என்றாள் பிரியந்தினி, "எனக்கு மட்டும் சொல்லுங்கோ."

மாமி பிள்ளைபோலத் தலையை ஆட்டினார். ஒபிஸ் மணிக்கூட்டில் பன்னிரண்டாகப் பத்து நிமிடம் இருந்தது.